வெள்ளைப் பட்டை

ஜூனியர் வக்கீல் தன் கழுத்துப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

சீனியர் செண்பகவல்லியின் கழுத்தில் இல்லை.

கறுப்புக் கோட்டு இருந்தது. வழக்குக் கட்டு இருந்தது. அந்தச் சாண் நீள வெள்ளைத் துணி இல்லாமல் கோர்ட்டில் எந்த வக்கீலும் வாய் திறக்க முடியாது.

"வீட்டுலயே வச்சிட்டேன் போல" என்றார் செண்பகவல்லி.

முப்பது வருஷத்தில் பேனா மூடியைக்கூடத் தொலைக்காதவர்.

பக்கத்தில் முத்துச்செல்விக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருப்பவள். இன்று தடை உத்தரவு கிடைக்காவிட்டால் சாயங்காலம் கட்டடச் சொந்தக்காரர் கடையைப் பூட்டிவிடுவார். அவளுக்குத் துணையாக நான் போயிருந்தேன். துணைக்கு என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஜூனியர் தன் பட்டையை அவிழ்க்கப் போனாள்.

"மேடம், இதப் போட்டுக்கோங்க."

"எனக்கு இறுக்கும். நீயே பேசு."

அவளும் எங்கள் தெருதான். நாலு வருஷமாகக் கோர்ட்டில் அவள் பேசியது ஒரே வாக்கியம். சீனியர் வந்துகொண்டிருக்கிறார், வழக்கைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுங்கள்.

'தள்ளிக்கூப்பிடு' என்று அவளுக்குப் பேர் வைத்தது நான்தான். தெருவில் நன்றாக ஓடியது.

முத்துச்செல்வியின் வழக்கைக் கூப்பிட்டார்கள்.

ஜூனியர் எழுந்தாள். சீனியரிடமிருந்து வழக்குக் கட்டை வாங்கிக்கொண்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் பின்னால் திரும்பினார்.

"என்ன மேடம், பாப்பாவ அனுப்பிட்டீங்க?"

செண்பகவல்லி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு நிமிடம் பேசினாள். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன்.

ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது என்றாள். காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை என்றாள். எதிர்த்தரப்பு இரண்டு முறை குறுக்கே விழுந்தது.

"நான் முடிச்சிக்கிறேன் சார். அப்புறம் நீங்க பேசுங்க."



நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு எடுத்து எழுதினார்.

இடைக்காலத் தடை.

முத்துச்செல்வி அங்கேயே அழுதாள்.

"யாரு அந்தப் பொண்ணு?" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

"எங்க தெருப் பொண்ணு" என்றேன். அப்புறம் கேட்காத இரண்டு பேரிடமும் சொன்னேன்.

செண்பகவல்லியை அவருடைய சீனியர் பதினோரு வருஷம் வாய் திறக்கவே விடவில்லையாம். குமாஸ்தா சொல்லிக் கேள்வி.

செண்பகவல்லி இப்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். துடைக்கக் கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தார்.

எட்டிப் பார்த்தேன். பழக்கம்.

இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல், வெள்ளைப் பட்டை.

ஒன்றல்ல, இரண்டு.

நிமிர்ந்தார். நான் பார்த்ததைப் பார்த்தார். பையை மெதுவாக மூடினார்.

நாலு நாளாகிவிட்டது. தெருவில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.