கேக்கும் நாற்பத்திரண்டு கார்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை நேரத்தில், கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருந்த அந்த மிஷன் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமிலிருந்து இரண்டு கிலோ பிளம் கேக் காணாமல் போனது.

லேசுப்பட்ட கேக் அல்ல. வியாழக்கிழமை வரவிருந்த ஆயருக்காக, சமையல்காரர் கஸ்பார் மூன்று மாதம் திராட்சையை ஒயினில் ஊறப்போட்டுச் செய்தது. அடுப்பிலிருந்து இறக்கிய அன்று, வாசனை தாங்காமல் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கூக்கால் ஏரி மீன்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பூண்டி கிராமத்துப் பூண்டெல்லாம் வெட்கப்பட்டு ஒரு வாரம் மணக்கவே இல்லை.

பூட்டு உடையவில்லை. சாவி வழக்கம்போல அந்தோனியார் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"பள்ளிக்கூடமே கோயில்ல முழங்கால் போட்டுக்கிட்டு இருந்தப்ப, வெளிய ஒத்தையா நின்னது யாரு? மலைச்சாமிதானே!" என்றார் தலைமையாசிரியர் சூசைமாணிக்கம்.

"நான் பழனியாண்டவரைக் கும்புடுறவன், பூசைக்கு எப்படிங்கய்யா வருவேன்?" என்றார் வாட்ச்மேன் மலைச்சாமி. "பதினாலு வருசமா அந்த கேட்டை விட்டு நகந்தது இல்லீங்க. இந்த வேலையை விட்டா எனக்குச் சொந்த ஊரு கன்னிவாடில நிக்க நெழல் கூடக் கெடையாது."

"சந்தேகப்பட்டு ஆளை அனுப்ப வேணாம் சார். சயின்ஸ்படி போவோம்" என்று குறுக்கே வந்தார் ஆசிரியர் அருள்மணி.

அது 1986. பள்ளிக்கு வந்திருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு அவர்தான் குரு, பூசாரி, காவல் தெய்வம் எல்லாம். மெஷினுக்குக் குளிரக் கூடாது என்று சொல்லி, பள்ளியின் ஒரே ஹீட்டரையும் அந்த அறைக்கே வாங்கி வைத்துக்கொண்டவர். மலையே விறைத்துக் கிடந்தாலும் அங்கே மட்டும் சித்திரை வெயில் அடிக்கும்.

"கம்ப்யூட்டருக்கு ஆளு முகம் தெரியாது" என்று விளக்கினார். "அதுக்கு ஒவ்வொருத்தரும் ஒரு கார்டு. கார்டுல மூணு கட்டம். பூசைக்கு வந்தாரா? சாவி இருக்கிற எடம் தெரியுமா? இனிப்பு பிடிக்குமா? வரலை, தெரியும், பிடிக்கும்னு மூணும் எவர்கிட்ட ஒண்ணா இருக்கோ, அவருதான் ஆளு."

"ஒரு கட்டத்தை எழுதாமலே விட்டா?" என்று கேட்டார் டைப்பிஸ்ட் கித்தேரியம்மாள்.

"நல்ல கேள்வி! இல்லைன்னு எழுதுறது வேற, எழுதாம விடுறது வேற. மொதல்ல கட்டத்துல ஏதாச்சும் இருக்கான்னு பாக்கும். அப்புறந்தான் என்ன இருக்குன்னு பாக்கும். ஒண்ணுமே இல்லைன்னா, நாம முன்கூட்டியே சொல்லி வச்ச பதிலை எடுத்துக்கும்."

"பூசைக் கட்டம் காலியா இருந்தா வந்ததாவே எடுத்துக்கட்டும்" என்றார் தலைமையாசிரியர். "நம்ம ஆளுங்கள்ல ஞாயித்துக்கிழமை பூசைக்கு வராதவன் எவன் இருக்கான்?"

"எவனும் இல்லை சார்!" என்று அருள்மணி அதை உடனே புரோகிராமில் சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நாற்பத்திரண்டு கார்டுகள் விநியோகமாயின. "பொய் எழுதுறது பாவம், மனசாட்சிப்படி நிரப்புங்க" என்று அருள்மணி ஆளாளுக்குச் சொல்லிக் கொடுத்தார். சர்க்கரை நோயாளியான தலைமையாசிரியர் 'இனிப்பு பிடிக்காது' என்று எழுதியபோது, மேஜை டிராயரில் அவர் ஒளித்து வைத்திருக்கும் ஜிலேபியை அறிந்த ஊழியர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

கித்தேரியம்மாள் நாற்பத்தொரு கார்டுகளை மெஷினில் அடித்தார். தன்னுடையதை மட்டும் அருள்மணி தானே அடித்துக்கொண்டார்.

"சார், கீயெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. ஒண்ணை அமுக்குனா மூணு விழுது."

"மூடுபனி ஈரம்மா. வெரசா அடிங்க."

செவ்வாய்க்கிழமை எல்லோரும் ஹீட்டரைச் சுற்றிக் கூடினார்கள். பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று கத்தி ஒரே ஒரு பெயரைத் துப்பியது. மலைச்சாமி.

"மெஷினே சொல்லிருச்சு. நாளைக்கு மொத பஸ்ல மலையை விட்டு எறங்கிருப்பா" என்றார் தலைமையாசிரியர்.

மலைச்சாமி குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "நான் உள்ளதைத்தானுங்க எழுதுனேன்."

"அதான்ணே மாட்டிக்கிட்டீங்க" என்ற கித்தேரியம்மாள், அருள்மணியிடம் திரும்பினார். "சார், இன்னும் ஒரே ஒரு சோதனை. பூசைக் கட்டத்தை எழுதாமலே விட்டவங்க யாரு? அதையும் கேட்டுப் பாப்போம்."

"இப்ப கரண்ட் போற நேரம்..." என்றார் அருள்மணி.

"வேற சோலி நெறையக் கெடக்கு, விடும்மா!" என்றார் தலைமையாசிரியர், மப்ளரைத் தளர்த்தி நெற்றியைத் துடைத்தபடி.

அத்தனை கண்களும் அவர் பக்கம் திரும்பின.

"என்னை ஏன்யா பாக்குறீங்க? நான் முன்னால நின்னு பைபிள் வாசகம் வாசிச்சேன்ல?"

"அதுக்கப்புறம் பிரசங்கம் முக்கா மணி நேரம் சார்" என்று முனகினார் கஸ்பார். "அந்த நேரத்துல ஒரு ஆட்டையே முழுசாத் தின்னுட்டு, கை கழுவிட்டு வந்து ஒக்காந்துரலாம்."

"நீங்க அடிக்கிறதைப் பாத்துப் பாத்தே கத்துக்கிட்டேன் சார்" என்று அருள்மணியிடம் சொல்லிக்கொண்டே, ஒட்டும் கீகளை நகத்தால் நெம்பி நெம்பி, கித்தேரியம்மாள் அந்த ஒற்றை வரியை அடித்து முடித்தார்.

தலைமையாசிரியர் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிரிண்டர் மறுபடியும் கத்தியது. இந்த முறையும் ஒரே பெயர்தான்.

பூசைக்குப் போனதாகத் தன் கையால் எழுதினால் பாவம் என்று அஞ்சி, பொய் சொல்லும் வேலையை மட்டும் மெஷினிடம் விட்டிருந்த அந்தப் புண்ணியவான்: அருள்மணி, கம்ப்யூட்டர் ஆசிரியர்.