தகுதியான காது

காது டாக்டர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லவில்லை. உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டு, மறுபடியும் “என்னது?” என்றார்.

டாக்டர் மேசையில் எதையோ தேடிக்கொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோல முணுமுணுத்தார். “அந்த நாற்காலிக்கு இப்பதான் பெயிண்ட் அடிச்சாங்க.”

வந்தவர் துள்ளி எழுந்து பேன்ட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். கை காய்ந்தே இருந்தது. குட்டு உடைந்துபோனதால், நின்ற வாக்கிலேயே உண்மையைக் கொட்டிவிட்டார்.

குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய கடையொன்றில் அவர் மேனேஜர். தண்ணீரோடு அவருக்கு இருந்த உறவெல்லாம் குழாய், ஷவர், தொட்டி என்ற அளவோடு சரி. அப்படிப்பட்டவர், மைத்துனி வீட்டு விருந்தில் சகலை பனிமலை ஏறிய படங்களைக் காட்டி அளந்துகொண்டிருந்ததைப் பொறுக்கமாட்டாமல் வாயை விட்டுவிட்டார். மலை என்ன பெரிய மலை, இந்த விடுமுறைக்குத் தானும் மனைவியும் ஏதாவது ஒரு தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் செய்யப்போகிறோம் என்று.

சிறை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற மாமனார், புதுக் கைதியை அளக்கும் அதே கண்ணோடு, “மாப்பிள்ளையா?” என்று கேட்டார். இத்தனை வருட மதிப்பீடு முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தது. இனிமேல் பின்வாங்கினால் அந்த வீட்டில் தலைகாட்ட முடியாது.

மனைவி கணக்கு டீச்சர். காற்றில் விட்ட வார்த்தையைக்கூடக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவள். எந்த மாதம் மழை இருக்காது, எந்தத் தீவில் தண்ணீர் தெளிவாக இருக்கும், புதியவர்களைத் திட்டாமல் சொல்லித்தருவது யார் என்று அலசி, ஒரு பயிற்சியாளரை வீடியோ அழைப்பில் பிடித்துவிட்டாள்.

மேனேஜர் அவரிடம் மிகுந்த நம்பிக்கையோடு, தனக்கு நீச்சல் தெரியாது என்றார். அதனாலென்ன, தெரியாதவர்களும் தாராளமாக வரலாம் என்று பயிற்சியாளர் அந்த வாசலை அடைத்தார். முதலில் குளத்தில் பழக்கம், பிறகு கடல். இறங்குவது எப்போதும் ஜோடியாகத்தான். ஒருவரை விட்டு ஒருவர் நகரவே கூடாது. ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் ஆறுதலாகச் சொன்னபோது, மேனேஜருக்குச் சோபாவிலேயே காற்று தீர்ந்துவிட்டது.

வெளியில் காட்டிக்கொள்வாரா? கடைச் சிப்பந்திகளுக்குக் கடலாமையின் குணநலன்கள் பற்றி வகுப்பே எடுத்தார். வீட்டில் மட்டும், குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதைக் குறைத்துக்கொண்டார். பயிற்சிக்கு வருகிறவர்கள் காதைச் சோதித்துச் சான்று கொண்டுவர வேண்டும் என்று தெரிந்ததும்தான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எல்லாவற்றையும் கேட்ட டாக்டர், மனைவி வீட்டாருக்கு வெகுநாள் பழக்கமானவர். ஆனால் பொய்ச் சான்று தருகிற ரகம் இல்லை. விளக்கடித்து இரண்டு காதையும் பார்த்துவிட்டு, “உங்களுக்கு என்ன சார் குறைச்சல்? இந்தக் காத வெச்சுக்கிட்டு நீங்க திமிங்கலத்தோட குடித்தனமே நடத்தலாம்” என்றார்.

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார். “காலையிலேர்ந்து உங்க குடும்பத்துக் காதுங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உங்க வீட்டம்மாவுக்குத்தான் பாவம், இடது காது ஒத்துழைக்காது. கடல்ல இறங்கவே கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள மேனேஜர் படாதபாடு பட்டார். ஜோடி இல்லை என்றால் கடலும் இல்லை. பழியும் தன் தலையில் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்கு மட்டும் முழுத் தகுதி என்று கொட்டை எழுத்தில் எழுதித்தரச் சொன்னார்.

வழியில் விளையாட்டுச் சாமான் கடையில் இருந்ததிலேயே பெரிய நீர்மூழ்கிக் கண்ணாடியாகப் பார்த்து வாங்கினார். வீரம் அன்றைக்கு அவருக்கு அவ்வளவு மலிவாகக் கிடைத்தது. அதை நெற்றியில் மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

மனைவி கூடத்தில் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். காது விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் இடிந்துபோனவர்போல் சுவரைப் பிடித்தார். தன் சான்றை எடுத்து அவள் முன்னால் மெல்ல வைத்தார். பவளப்பாறையாம், ஆமையாம், அவள் இல்லாமல் அதெல்லாம் தனக்கு எதற்கு என்று உருகினார். பேசப் பேச அவருக்கே அது உண்மைபோலத் தோன்றியது. அத்தனை நன்றாக வந்தது.

“உனக்காக இதக்கூட விட்டுக்குடுக்க மாட்டேனா? கேன்சல் பண்ணிடலாம்மா. ஜோடி இல்லாம இறங்கத்தான் விடமாட்டாங்களே.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாஞ்சையோடு அவர் கையைப் பிடித்தாள். “இவ்வளவு ஆசைய வெச்சுக்கிட்டு நீங்க எதுக்குங்க விட்டுக்குடுக்கணும்? காலையிலயே அப்பாவுக்கும் காது பாத்தாச்சு. உங்க ஜோடி அவர்தான்.”