தூதர்கள் பேசி முடித்துவிட்டார்கள்

ஞாயிறுதோறும் தயாளன் தன் டெத் மெட்டல் இசை சிடிகளைப் பையில் அள்ளிக்கொண்டு ஜோயல் வீட்டுக்குப் போவான். எந்த ஆல்பம் உசத்தி என்று இருவரும் தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். இப்போது அந்த வேலைக்கு ஆளுக்கொரு ‘ரசனைத் தூதர்’ வந்துவிட்டார். வெறும் செயலிதான், பட்டம்தான் பெரிது. இந்த வாரச் சண்டையைத் தூதர்கள் காலையிலேயே சுமுகமாக முடித்துவிட்டார்கள்.

தயாளன் அப்படியும் போனான். ஜோயல் கதவைப் பாதிதான் திறந்தான்.

“என்னடா, தீர்ப்பு வரலையா?”

“வந்துச்சு. உன் ஆல்பம்தான் ஜெயிச்சுது.”

“அப்புறம் என்ன மச்சான்?”

“அது குப்பைன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்.”

“உன் தூதர்கிட்ட சொல்லு. அவரு என் தூதர்கிட்ட சொல்லிடுவாரு” என்று ஜோயல் கொட்டாவி விட்டான்.

படியிறங்கியபடியே தயாளன் போனில் தன் தூதரிடம் சொன்னான். தெருவுக்கு வருமுன் பதில் வந்தது: “ஜோயலுக்கு இதில் வருத்தம் ஏதுமில்லை.”