பக்கத்து அறை

"தங்கச்சி, குடும்ப ஆக்களுக்குப் பக்கத்து அறை," என்றார் சண்முகராசா, றூபினி வாய் திறப்பதற்கு முன்பே.

கிங்ஸ்பரியில் சனிக்கிழமைகளில் தமிழில் நடக்கும் கூட்டம் அது. ஒரு அறையில் குடியை விட முயல்கிறவர்கள், பக்கத்து அறையில் அவர்களுடைய வீட்டார். நடத்துகிற சண்முகராசாவும் ஒரு காலத்தில் குடித்துக் கவிழ்ந்தவர்தான். நல்ல மனிதர். ஆனால் ஒரு பெண் தனியாக வந்து நின்றால் அவள் யாரோ ஒரு குடிகாரனின் மனைவியாகத்தான் இருப்பாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"வீட்டுக்காரர் வரமாட்டன் எண்டிட்டாரோ? கவலைப்படாதேங்கோ. எங்கட தில்லையம்பலத்தாரும் உப்பிடித்தான். கிழமைக்குக் கிழமை மனுசியைக் கொண்டுவந்து இறக்குவார். உள்ள வாங்கோ எண்டால் தலையைக் குனிஞ்சு சிரிச்சுக்கொண்டு காருக்குள்ளயே இருந்திடுவார்."

றூபினி யன்னலால் எட்டிப் பார்த்தாள். தலை நரைத்த ஒருவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். சரியான கோழை என்று நினைத்துக்கொண்டாள்.

நினைக்க அவளுக்கு உரிமை இருந்தது. அவள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் நோர்பரியிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி வந்திருக்கிறாள். வீட்டுக்குக் கிட்டவே ஆங்கிலத்தில் ஒரு கூட்டம் நடக்கிறது. அங்கேயும் போனாள். அன்பான சனம். ஆனால் ஊரில் நடந்த அம்மாவின் செத்தவீட்டைப் போனில் பார்த்த அன்று தன் முதல் கிளாஸை ஏன் ஊற்றினாள் என்பதை ஆங்கிலத்தில் சொன்னபோது, அது வேறு யாருக்கோ நடந்ததைப் போல இருந்தது. திரும்பி வரும் வழியிலேயே போத்தில் வாங்கினாள்.

இதுவும் சரிவராவிட்டால் இனிப் போக இடமில்லை. அதனால் காட்டிய அறைக்குள் பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

அங்கே மடிப்புக் குலையாத சேலையில் ஒரு பெண்மணி பேசிக்கொண்டிருந்தார். வசந்தமலர். காருக்குள் இருந்த தில்லையம்பலத்தின் மனைவி.

"எங்கட இவர் ஒளிக்கிற ஒளிப்பை ஆரும் கண்டுபிடிக்கேலாது, பிள்ளையள். அரிசி வாளிக்குள்ள, அரிசிக்குக் கீழ போத்தில். மணம் தெரியாமல் இருக்கக் கறுவாப்பட்டை சப்புறது. கேட்டால் சத்தியம் பண்ணுறது."

"இப்பிடி ஒரு மனுசனோட எப்பிடித்தான் காலந்தள்ளுறியளோ!" என்று சுற்றியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

றூபினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய போத்திலும் அரிசி வாளிக்குள்தான் இருந்தது.

"தங்கச்சி, உங்கட அவர் எப்பிடி? நல்லாக் குடிப்பாரோ?" என்று வசந்தமலர் கேட்டார்.

"அவர் தேத்தண்ணிதான் குடிக்கிறவர். மற்றது குடிக்கிறது நான்."

பிஸ்கற் தட்டை நீட்டிக்கொண்டிருந்தவள் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வசந்தமலரின் முகம் வெளிறிப்போயிற்று. "பொம்பிளைப்பிள்ளை சபையில சொல்லுற கதையோ இது? உமக்குக் கொஞ்சமும் வெக்கமில்லையோ?"

"வெக்கம் இருந்தபடியால்தான் அக்கா, இவ்வளவு நாளும் அரிசி வாளிக்குள்ள வைச்சிருந்தனான். இனி வைக்கமாட்டன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். இருந்த கதிரையையும் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனாள்.

சண்முகராசா பதறிப்போனார். "தங்கச்சி, இஞ்ச முழுக்க ஆம்பிளையள் எல்லே..."

"இருக்கட்டும் அண்ணை. குடிச்ச ஆக்களுக்குத்தானே இந்த அறை? நானும் குடிச்சனான். கொஞ்சம் அரக்கி இருங்கோ, கதிரையை வைக்க வேணும்."

ஒருவர் நெளிந்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார். அவள் அம்மாவில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். யார் முகம் சுளித்தார்கள் என்று பார்க்கவில்லை. அன்று திரும்பும் வழியில் கடைப்பக்கம் அவள் கால் போகவும் இல்லை.

ஆனால் கதை ஊரெல்லாம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மச்சாள் அவளுக்குப் போன் எடுத்தாள்.

"கிங்ஸ்பரியில போய் என்ன சொல்லிப்போட்டு வந்தனீர்? எங்களுக்கு வெளியில தலைகாட்டேலாமல் கிடக்கு. இனி அந்தப் பக்கம் போகாதேயும்!"

"போவன். குடிக்கேக்க ஒருத்தரும் போன் எடுக்கேல்லை. விடேக்க மட்டும் ஏன் எடுக்கிறியள்?"

போனை வைத்த பிறகுதான் அழுதாள். அந்த வசந்தமலர்தான் பற்றவைத்திருப்பா என்று பல்லைக் கடித்தாள். பத்தினி வேசம்!

அடுத்த சனிக்கிழமை யாரும் வழிகாட்டத் தேவையிருக்கவில்லை. நேரே குடித்தவர்களின் அறைக்குப் போய் நடுவில் உட்கார்ந்தாள். வந்து பார்க்கட்டும் என்ற மாதிரி இருந்தாள்.

கூட்டம் தொடங்கும் நேரம், வாசலில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

வசந்தமலர்.

"அக்கா, உங்கட அறை அங்கால எல்லே?" என்றார் சண்முகராசா.

வசந்தமலர் கதிரையை இழுத்துவந்து றூபினிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். றூபினியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த அரிசி வாளி என்ர. நான் ஒளிச்சதைத்தான் அவர் ஒளிச்சதெண்டு சொன்னனான்," என்றார். "காருக்குள்ள இருக்கிற மனுசனை ஆராவது கூட்டிவந்து பக்கத்து அறையில இருத்துங்கோ. என்ர மானத்துக்காகக் குடிகாரன் எண்டு பேர் வாங்கினவர். சீவியத்தில ஒரு சொட்டும் தொட்டதில்லை."