சாக்பீஸ் கோடு

பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புத் தரையில் டீச்சர் நீளமாகச் சாக்பீஸ் கோடு இழுத்திருக்கிறார். ஒரு முனை நேற்று, மறுமுனை நாளை, ஜன்னல் வெயில் விழும் நடுவிடம் இன்று. சொல்லும் வாக்கியம் எந்தக் காலமோ அங்கே போய் நிற்க வேண்டும். லாரி டிரைவர் கோட்டை விட்டே இறங்கி நிற்கிறார். "அண்ணே, ரிவர்ஸ் எடுங்க" என்று பின்பெஞ்சு சிரிக்கிறது. அடுத்து தையல்காரி. கணவர் வேலைக்கு வெளியூர் போயிருப்பதை ஆங்கிலத்தில் ஒருவழியாகச் சொல்லி முடிக்கிறாள். "எப்பம்மா போனார்?" என்கிறார் டீச்சர். "போன மழைக்கு முன்னாடி டீச்சர்." "அப்போ நேத்துல நில்லுங்க." "இன்னும் வரலையே." "போன் பண்றாரா?" அவள் நேற்றுக்குப் போகிறாள், இன்றைக்குத் திரும்புகிறாள். நாளைப் பக்கம் வைத்த காலை இழுத்துக்கொள்கிறாள். சிரிப்பு நின்றுவிட்டது. அவள் நடந்து நடந்து, வெறுங்காலடியில் கோடு அழிந்துகொண்டே வருகிறது.