யாருக்குச் சொன்ன வாக்கு?

ஏசாயா தீர்க்கதரிசி சொன்ன பிள்ளை பல நூறு வருடம் கழித்துப் பெத்லகேமில் இயேசுவாகப் பிறந்தது என்கிறார்கள். அந்த வாக்கை முதலில் கேட்ட ஆகாஸ் ராஜா எவ்வளவு காலம் காத்திருந்தானோ? மடியில் உறங்கிய குழந்தையை வருடியபடி பெனிட்டா நினைத்தாள்.

“புது வருஷத்துக்கு சைதாப்பேட்டை சர்ச்ல நீ குலுக்கி எடுத்த வாக்குத்தத்த வசன அட்டைல, ஆண் பிள்ளைன்னுதானே வந்துச்சு? இன்னிக்கு ஞானஸ்நானத்துல, நிறைவேறிடுச்சுன்னு சாட்சி சொல்லிடு. மைக்கைப் பார்த்தா பயமா?” என்றாள் மாமியார் டோரதி.

குழந்தை பசித்து அழுதது. கொழுந்தன் மனைவி ஜூலியட் ஓடிவந்து, “அம்மாகிட்ட வாடா” என்று வாங்கிக்கொண்டாள்.

டோரதி விடவில்லை. “ஆகாஸ் ராஜாவுக்குச் சொன்னது மரியாள்கிட்ட நிறைவேறலையா? வாக்கு நம்ம வீட்டுக்கு வந்ததும்மா.”

“இல்ல அத்தை, நான் இன்னும் காத்துக்கிட்டிருக்கேன்” என்றாள் பெனிட்டா மெதுவாக.