ஊசி போடாத பண்ணை

கன்று கூப்பிட்டது.

பசு காதுகளை நிமிர்த்தியது. மடியில் பால் இறங்கியது.

அவன் குனிந்து, கறவை மெஷினின் குழாய்களை ஒவ்வொன்றாகக் காம்புகளில் மாட்டினான்.

கொட்டகையில் கன்று இல்லை.

தூணில் செல்போன் தொங்கியது. சாணித் தண்ணீர் படாமலிருக்க ஒரு பாலித்தீன் உறைக்குள்.

அதில் ஓடிய குரல், கன்றை வியாபாரியின் வண்டியில் ஏற்றிய அன்று பதிவு செய்தது. அதற்குமுன் அது அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை.

பால் இறங்குவதற்கு அக்கம்பக்கத்தில் ஊசி போடுகிறார்கள். அவன் போடுவதில்லை. "நம்ம பண்ணையில ஊசிங்கற பேச்சே கெடையாதுங்க" என்று பால் வாங்க வருகிறவர்களிடம் சொல்வான். ஊசிக்குப் பதில் இந்தக் குரல். கூடவே அவனுடைய பேச்சு. மாட்டோடு பேசாமல் அவன் கறந்ததே இல்லை.

பால் ஓடத் தொடங்கியதும் செல்போனை நிறுத்திவிடுவான்.

இன்று ஒரு குழாய் நழுவிச் சாணியில் விழுந்தது. அதைக் கழுவி மாட்டுவதற்குள் பதிவு மேற்கொண்டு ஓடிவிட்டது.

"காளங்கன்னுதானுங்க. பாத்துட்டு நிக்காம இழுத்து ஏத்துங்க."

அவனுடைய குரல்.

பிறகு பலகை சரியும் ஓசை. வண்டி கிளம்பும் ஓசை. கன்றின் கத்தல், தேய்ந்து தேய்ந்து.

பால் நின்றது. மெஷின் வெறும் காற்றை உறிஞ்சியது.

பசு தூணைப் பார்க்கவில்லை.

தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது.

மாலையில் உட்கார்ந்து, பதிவின் பின்பாதியை வெட்டினான். இனி அதில் கன்று மட்டும்தான்.

மறுநாள் கன்று கூப்பிட்டது. பால் இறங்கியது. வெள்ளையாகக் குழாயில் ஏறியது.

நிம்மதியில் பசுவின் விலாவைத் தட்டினான்.

"அப்படித்தான் சாமி. நில்லு."

பால் நின்றது.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

பிறகொரு காலை, கேனை எடுக்க வந்த மனைவி கொட்டகை வாசலில் நின்றாள்.

"ஏனுங், மாட்டுகிட்ட ஓயாமப் பேசுவீங்க. இப்ப வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அவன் பசுவின் கண்ணில் படாத பக்கமாக நின்றிருந்தான். உதட்டில் விரலை வைத்துக் காட்டினான்.

தூணில் கன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.